நேசம்மாவின் நிப்பொங்கோ

“அந்த நோட்டில என்ன பிள்ளை எழுதி வச்சிருக்கிறீர்?”

மகனுக்குப் பெண் பார்க்க வந்த செல்லாச்சி இப்படிக் கேட்டதும் நேசம்மா நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதுதான் தவறு. மேசையிலேயே கிடந்திருந்தால் யாரும் இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தை ஜப்பான் பட்டாளம் எடுத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவர்கள் குப்பையில் எறிந்த ஓர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை எடுத்துவந்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் குசினி அடுப்பு மூலையில் ஒளித்து ஒளித்துப் படித்தாள். நோட்டில் ஒரு லத்தீன் வேர்ச்சொல்லை எழுதி, அதிலிருந்து முளைத்த ஆங்கிலச் சொற்களை அதன் கீழே எழுதுவாள். ‘ஸ்க்ரீபோ’ என்றால் எழுதுகிறேன். டிஸ்க்ரைப், ஸ்கிரிப்ட் எல்லாம் அதன் பிள்ளைகள். ஒரு வேரைப் பிடித்தால் பத்துச் சொல் கூடவே வந்தது. மனிதர்களோடு பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது.

“இன்னொருக்கா கண்ணில பட்டுதோ, அடுப்புக்குத்தான்,” என்று தாய் பூமணி காலையில்தான் சொல்லியிருந்தாள்.

“இங்கிலீசோ?” எட்டிப் பார்த்த செல்லாச்சியின் குரல் இறங்கியது. “எங்கட வீட்டில அந்தப் பேச்சே இல்லை. ஆரும் ஜப்பான்காரனிட்டப் போய்ச் சொன்னால் குடும்பத்தோட உள்ளுக்க.”

“இங்கிலீசோ? சீ!” பூமணி முந்திக்கொண்டாள். “அது நிப்பொங்கோ. ஜப்பான் பாசை. பிள்ளை தானாவே படிக்கிறாள்.”

“அட! எங்கட தம்பிதான் கந்தோரில எல்லாருக்கும் நிப்பொங்கோ படிப்பிக்கிறவன்!”

பூமணி அவசரமாகத் தேநீர்த் தட்டை எல்லோர் முன்னாலும் நீட்டினாள்.

மாப்பிள்ளை சிவகுருநாதன் தலை நிமிரவில்லை. அவனோடு அதே அலுவலகத்தில் வேலைபார்க்கும் மாமன் தம்பு, அவித்த மரவள்ளிக்கிழங்கில் மட்டும் கவனமாக இருந்தார்.

“ரெண்டு சொல்லு வாசியும் பிள்ளை. தம்பி கேக்கட்டும்,” என்றாள் செல்லாச்சி.

நேசம்மா நோட்டைத் திறந்தாள். ஆங்கிலச் சொற்களை விரலால் மறைத்துக்கொண்டு வேர்களை மட்டும் வாசித்தாள்.

“ஸ்க்ரீபோ... பொர்டோ... டூக்கோ...”

“டோக்கியோ மாதிரியே இருக்கு!” செல்லாச்சி பூரித்தாள். “சரியோ தம்பி?”

சிவகுருநாதனின் நெற்றி வியர்த்திருந்தது. ஒருமுறை நேசம்மாவைப் பார்த்தான்.

“சுத்தமான நிப்பொங்கோ,” என்றான்.

நேசம்மா நோட்டை மூடிவிட்டு அவனை நன்றியோடு பார்த்தாள். எவ்வளவு நல்ல மனிதர்! காட்டிக்கொடுக்கவில்லையே!

செல்லாச்சி எட்டி நோட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். “நாளைக்கே இதைக் கந்தோர் துரையிட்டக் காட்டு. எப்பிடிப்பட்ட மருமகள் வாறாள் எண்டு பாக்கட்டும்.”

“ஜப்பான் துரைக்கோ?” சிவகுருநாதன் எழுந்தேவிட்டான். “வேண்டாம் அம்மா!”

“ஏனடா?”

அவன் விழித்தான். பூமணி உதவிக்கு வந்தாள்.

“அது... அது பழைய நிப்பொங்கோ. ராசா வீட்டுப் பாசை. சாதாரணத் துரைமாருக்கு விளங்காது.”

“ராசா வீட்டுப் பாசையோ! அப்ப நாளை வரைக்கும் ஏன் வச்சிருக்க வேணும்? துரை பங்களா ரெண்டு தெரு தள்ளித்தானே. இப்பவே போவம். பிள்ளையும் வரட்டும், நேரில வாசிக்கட்டும்.”

“பிள்ளைக்குக் காய்ச்சல்,” என்றாள் பூமணி.

“பட்டாள டாக்குத்தரும் அங்கதான் இருக்கிறார். ஒரேயடியாக் காட்டுவம்.”

செல்லாச்சி வாசலுக்கு நடந்தாள். நேசம்மா ஓடிப்போய், பிறந்து முதல்முறையாக, ஒரு விருந்தாளியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமி, தாங்கோ!”

“பாத்தியளே, துரை வீட்டுக்கு வெளிக்கிட எவ்வளவு அவசரம் அவளுக்கு!”

தம்பு கடைசித் துண்டுக் கிழங்கை விழுங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கேன் துரை வீட்டுக்கு அலையிறியள்? புதுசா ஒண்டும் இல்லையே. தம்பி ஒரு வருசமாக் கந்தோரில எங்களுக்குப் படிப்பிக்கிறதும் இதே ஸ்க்ரீபோ, பொர்டோதானே!”

கந்தோர் முழுக்க நிப்பொங்கோ என்று படித்தது லத்தீனையா என்று நேசம்மா மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். சிவகுருநாதன் தாயின் கக்கத்திலிருந்து நோட்டை உருவி, நேசம்மாவின் கையில் பத்திரமாக வைத்தான். பிறகு அவசரத்தில் மாமனின் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.