மல்லூர் வரை பின்னோக்கி

காலை ஏழு மணி இருபது நிமிடம். ஆண்டகளூர் கேட்டைத் தாண்டியதும் என் காரின் கியர் பெட்டிக்குள் ‘கடக்’ என்று ஏதோ கேட்டது. தவறு அதற்கு முந்தின மாலையே, என் கையாலேயே தொடங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

நான் ராசிபுரத்தில் வக்கீல். ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவரிடமிருந்து அந்தப் பழைய காரை வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஓடும்போது கியர் பெட்டி செக்குபோல முனகும். என் மகள் ருக்மணிக்கோ சென்னையில் டாக்டர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பயணத்துக்கு மறுநாள் காலை அங்கே நேரில் போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். சேலத்தில், சூரமங்கலம் ஸ்டேஷனில் பத்து மணிக்கு ரயில்.

“ஏனுங்க, அந்த மொனகற சனியன உட்டுப்போட்டுப் பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போங்க” என்றாள் மனைவி, முந்தின மாலை.

(பஸ்ஸாவது! டாக்டராகப் போகிறவள் கோழிக்கூடைக்குப் பக்கத்திலா உட்காருவாள்?)

முனகலுக்கு என்னிடம் மருந்து இருந்தது. மாட்டுவண்டி வீட்டில் பிறந்தவன் நான். அச்சு முனகினால் விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை போடுவோம். அதையே கெட்டியாகக் குழைத்து, கியர் பெட்டியைத் திறந்து ஒரு படி அளவுக்கு உள்ளே திணித்தேன். கார் சாதுவாகிவிட்டது. தெருவில் இரண்டு சுற்று ஓட்டிக் காட்டி, மனைவியை ஒரு பார்வை பார்த்தேன்.

காலையில் அந்தக் ‘கடக்’குக்குப் பிறகு முன்னால் போகும் கியர் ஒன்றுகூட விழவில்லை. ரிவர்ஸ் மட்டும் விழுந்தது. சட்டம் படித்த மூளை சும்மா இருக்குமா? காரைத் திருப்பி நிறுத்திவிட்டால் ரிவர்ஸிலேயே சேலம் போய்விடலாமே!

கடலைக் காட்டில் நின்ற இரண்டு பேர் வந்து தள்ளித் திருப்பினார்கள்.

“சாமி, சேலத்துக்குத்தானுங்க போறீங்க? மூஞ்சி ராசிபுரத்தப் பாக்குதுங்களே?”

“பாக்கட்டும். தள்ளுங்க!”

ருக்மணி பின் ஸீட்டில் மண்டியிட்டு, பின்பக்கம் பார்த்தபடி வழி சொன்னாள். “அப்பா, எருமை! சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க! ஐயோ, உங்க சோத்தாங்கை இல்லீங்கப்பா, என்ற சோத்தாங்கை!” எருமைதான் பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொண்டது.

மல்லூருக்குச் சற்று முன்னால் ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பஸ் வந்தது. மனைவி சொன்ன அதே பஸ். அதன் முகமும் என் காரின் முகமும் நேருக்கு நேர். அது எங்களைத் துரத்துகிறது. நாங்களோ அதைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறோம். நான் எதிரே வந்து மோதப்போகிறேன் என்று நினைத்த பஸ் டிரைவர் ஹாரனை விடாமல் அமுக்கினார். கடைசியில் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: “ஏனுங்க வக்கீலய்யா, போறீங்களா, வாறீங்களா?”

பதில் சொல்லும் முன்பே ரிவர்ஸும் போய்விட்டது. கார் பாதை ஓரத்தில் நின்று புகைந்தது. மணி எட்டே முக்கால்.

ருக்மணி தன் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். கோழிக்கூடைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. “நீங்க காருகிட்டயே இருங்கப்பா, நான் போயிக்கறேன்” என்றாள். நான் தலையாட்டினேன். காரைத் தனியே விட்டுப் போக மனமில்லாமல் மகளைத் தனியே அனுப்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பஸ் பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்ததா? யாரைக் கேட்பது? புளியமர நிழலில் உட்கார்ந்து, தவறிப்போன ரயில் ஒன்றை மனத்துக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். காலையில் கட்டிக்கொடுத்த இட்லியைத் தொடவில்லை.

மாலை மூன்று மணிக்குச் சேலத்திலிருந்து பட்டறைக்கார காசிம் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். “பாப்பாதான் போற வழியில பஸ்ஸ நிறுத்திப் பட்டறையில சொல்லிச்சுங்க. கூட எங்க ஆள அனுப்பினேன். ரயில் நகர்ற நேரத்துக்கு ஏறிருச்சாமுங்க.”

நான் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டேன். (வெயில்.) அதற்குள் பாய் கியர் பெட்டியைத் திறந்து, விரலை விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்தார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என்னிடம் ஒன்று கேட்டார். அதைக் கேள்விப்பட்ட ருக்மணி, டாக்டரான பிறகும் தன் கடிதங்களை அந்தக் கேள்வியோடுதான் முடிக்கிறாள்:

“வக்கீலய்யா, மாட்ட எங்கீங்க அவுத்துக் கட்டியிருக்கீங்க?”