ஏலத்துக்கு வந்த நண்டு

சுவரில் ஆணி இருந்தது, நண்டைக் காணவில்லை.

நேசக்குமார் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். சிலந்திதான் வந்தது.

"ஜெப்ஸி, இங்கன மாட்டியிருந்த படம் எங்க?"

"நண்டுப் படமா? கோவிலுக்குக் குடுத்துட்டேன்," அடுப்படியிலிருந்து மனைவி நிதானமாகச் சொன்னாள். "இன்னைக்கு அறுப்பின் பண்டிகைல்லா. வயல் உள்ளவங்க நெல்லு குடுப்பாங்க, கோழி வளக்கவங்க கோழி குடுப்பாங்க. நம்ம வீட்டுல இந்த வருசம் விளைஞ்சது படம்தான். இருக்கதுலயே அதுதான் லெச்சணமா இருந்துச்சு."

நேசக்குமார் அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டினான்.

அவன் இயக்கிய முதல் படம் வந்து மூன்று வருடம் ஆகிறது. அடுத்த படத்தைத் தயாரிக்கிறேன் என்று முன்வந்தவர் தூத்துக்குடி இன்பமணி. மனைவி பெயரில் 'தேவகனி பிலிம்ஸ்' என்று கம்பெனி வைத்திருந்தார். எப்போது போன் செய்தாலும் ஒரே பதில்: "எல்லாம் ரெடி தம்பி, செக்குல கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." அந்தக் கையெழுத்துக்குக் காத்திருந்த காலத்தில் நேசக்குமார் சும்மா இருக்கமாட்டாமல் தூரிகையைப் பிடித்தான். அது அலுத்தபோது வயலினைப் பிடித்தான்.

வயலினால் அக்கம்பக்கத்துக்குத்தான் கஷ்டம். வினை தூரிகையில் வந்தது. ஒருநாள் புன்னைக்காயல் கடற்கரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு நண்டு அவனை நோக்கி வருவதுபோல் வந்து, பக்கவாட்டில் நழுவிப் போனது. வீட்டுக்கு வந்த வேகத்தில் அதை வரைந்துவிட்டான். தங்க பிரேம் கண்ணாடி, கத்தரித்த மீசை, கொடுக்கில் மூடி கழற்றாத பேனா. இன்பமணியை ஒருதரம் பார்த்தவர்கள்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பயந்தே படத்தின் அடியில் தன் பெயரைப் போடாமல் வைத்திருந்தான். ஜெப்ஸி இன்பமணியைப் பார்த்ததில்லை.

"பண்டிகைக்குத் தலைமை யாரு தெரியுமா?" என்றான் நேசக்குமார். "இன்பமணி. செக்கும் கையுமா வாரேன்னு காலைலதான் போன் பண்ணுனாரு."

ஜெப்ஸியின் கரண்டி நின்றது. "அப்ப அந்த நண்டு…"

"அவருதான்."

"முன்வரிசைல வச்சிட்டு வந்தேனே," என்றாள் ஈனஸ்வரத்தில்.

நாசரேத்து கோவில் பந்தலுக்குள் இருவரும் மூச்சிரைக்க நுழைந்தபோது, சபைப் போதகரான ஐயர் வீட்டில் இன்பமணிக்குக் காப்பி உபசாரம் நடந்துகொண்டிருந்தது. அவருடைய டிரைவர் மாரிச்செல்வம் மட்டும் காணிக்கைப் பொருட்களைப் போன் கேமராவில் ஒவ்வொன்றாக யாருக்கோ காட்டிக்கொண்டு வந்தான். இப்போதுதான் கத்தரிக்காயில் இருந்தான். நண்டு, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இருந்தது.

நேசக்குமார் படத்தில் கை வைத்தான். அதே நேரம் அவன் கையின் மேல் உபதேசியார் செல்வதுரை கை வைத்தார். காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுகிறவர் அவர்தான்.

"தவறுதலா வந்துட்டு உபதேசியாரே. எடுத்துக்கிடுதேன்."

"காணிக்கையா வந்தத திருப்பிக் குடுக்க முடியாது தம்பி. வேணும்னா ஏலத்துல எடுங்க."

"அப்ப மொதல்ல இதையே விடுங்க."

உபதேசியாருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. காரியம் சட்டென்று முடியட்டும் என்று நேசக்குமார் எடுத்த எடுப்பிலேயே ஒரு நல்ல சேவலின் விலையைக் கேட்டான். அது தப்பாகப் போயிற்று. வாழைத்தாருக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"டைரக்டரே இந்த வெல கேக்காருன்னா, சும்மா கேப்பாரா," என்ற ஒருவர் மேலே ஏற்றிக் கேட்டார். அவருக்கு மேலே இன்னொருவர் ஏற்றினார். அப்புறம் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. மாரிச்செல்வம். மற்றக் கையில் போன், நண்டுக்கு நேராக.

முதலாளியிடம் கோள் சொல்ல அத்தாட்சியோடு போகப் பார்க்கிறான் என்று நேசக்குமாருக்குப் புரிந்துவிட்டது. விடக்கூடாது. விலை ஆட்டைத் தாண்டியது. கன்றுக்குட்டியைத் தாண்டியது. மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மாரிச்செல்வம் மட்டும் போனுக்குள் ஏதோ முணுமுணுப்பதும் கையைத் தூக்குவதுமாக இருந்தான்.

ஜெப்ஸி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இதுக்கு மேல நம்மளால முடியாதுங்க."

ஏலத்தை நிறுத்த வேண்டும், எப்படியாவது. மேடையில் பாடகர் குழுவின் வயலின் சும்மா கிடந்தது. நேசக்குமார் ஒரே தாவலாகத் தாவி அதை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான். பந்தல் திகைத்துப் போனது. கட்டிப்போட்டிருந்த சேவல் பதிலுக்குக் கூவியது.

உபதேசியார்தான் முதலில் சுதாரித்தார். மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "பாத்தீங்களா, படத்த வரைஞ்ச கையே வயலினும் வாசிக்கி. ஆமா, இந்த நண்டு நம்ம நேசக்குமார் தன் கையால வரைஞ்சது. அவங்க வீட்டம்மாதான் சொன்னாவ."

வில் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. யாரோ வரைந்தது என்று சாதிக்க இருந்த கடைசி வழியும் அடைந்துபோனது. மாரிச்செல்வம் இன்னொருதரம் கையைத் தூக்கினான்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். நண்டு மாரிச்செல்வத்துக்கு."

இந்தச் சத்தம் என்னவென்று பார்க்க, காப்பித் தம்ளரோடு இன்பமணி பந்தலுக்குள் வந்தார். கூட்டம் வழிவிட்டது. நேராக நண்டுக்கு முன்னால் வந்து நின்றார். தங்க பிரேம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். தன்னையறியாமல் மீசையைத் தடவினார். அவர் கழுத்து சிவந்துகொண்டே போவதை நேசக்குமார் மேடையிலிருந்து பார்த்தான். மூன்று வருடக் காத்திருப்பு இதோ வீணாய் முடிந்தது என்று வயலினைக் கீழே வைத்தான்.

"ஏலே மாரிச்செல்வம், யாரக் கேட்டுலே இத எடுத்த?"

மாரிச்செல்வம் போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டான்.

"தேவகனி அம்மாதான் மொதலாளி. 'முப்பது வருசமா நான் பாக்குத நண்ட ஒருத்தன் அப்படியே வரைஞ்சிருக்கான், என்ன வெலைன்னாலும் எடு; நான் இத்தன நாளும் கையெழுத்துப் போடாம இழுத்தடிச்ச செக்க எடுத்துக்கிட்டு அந்தப் பையனையும் கையோட கூட்டிட்டு வா, போட்டுத் தாரேன்'ன்னு சொல்லுதாவ."