டெம்ப்பு அண்ணாத்தயும் என் ராஜினாமாவும்

தினமும் மாலை ஐந்தரை மணிக்கு ஒரு கம்பெனியையே வயிறெரிய வைத்த மனிதர் உலகத்தில் டெம்ப்பு அண்ணாத்த ஒருவராகத்தான் இருப்பார். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் அறை அவர் ராஜ்ஜியம்.

எல்லோருக்கும் பொதுவான யுனிக்ஸ் சர்வரில் ‘டெம்ப்’ என்று தற்காலிகமாக ஃபைல் வைக்க ஓர் இடம் உண்டு. அதை ஹார்டு டிஸ்கிலிருந்து கிளப்பி மெமரியில் குடிவைத்தது அவர்தான். அரைமணி நேரம் ஓடும் ரிப்போர்ட், டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஆனால் மெஷினை அணைத்தால் டெம்ப்பில் இருந்ததெல்லாம் போச்சு. யூபிஎஸ்ஸை நம்பாத அந்தப் புண்ணியவான், படாளம் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுமுன் தினமும் அணைத்துவிடுவார்.

ஒருநாள் யாரோ சினிமாப் பாட்டுகளை அதில் கொட்டியதில் மெமரி நிரம்பி, சர்வர் முழுக்க நின்றுவிட்டது. மேஜை மேஜையாக வந்து, "யாரு வூட்டுக் கல்யாணம் உள்ள நடந்துகினு கீது?" என்று கேட்டார்.

அடுத்தது நான். மூன்று மணி நேரம் அடித்த ஸ்டாக் லிஸ்ட்டை அவசரத்தில் டெம்ப்பில் வைத்தேன். மறுநாள் காலையில் இல்லை. அண்ணாத்தயிடம் போய்க் கத்தினேன்.

"பேரே டெம்ப்பு. அதுல போயி பாய் போட்டுப் படுத்துகினா நான் இன்னா நைனா பண்றது?"

மேனேஜர் இருபது பேர் முன்னால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை, என் ஒரு சம்பளம். இருந்தும் ரோஷம் விடவில்லை. மேனேஜரின் குலம் கோத்திரம் வரை இழுத்து நாலு பக்கம் ராஜினாமா அடித்தேன். அண்ணாத்த பின்னால் நின்று முழுவதையும் படித்தார். பிரிண்டர் மக்கர் பண்ணுவதாகவும், லெட்டரை சர்வரில் தன் கணக்கில் பத்திரமாக வைத்துக் காலையில் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். கோபத்தில் நம்பித் தொலைத்தேன்.

காலையில் லெட்டர் இல்லை. டெம்ப்பில் போட்டிருக்கிறார், படுபாவி. சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"லெட்டர திருப்பி டைப் அடி. நேத்து சூடு இன்னிக்கும் இருந்தா நானே இட்டுகினு போயி மேனேஜர் கைல குடுக்கறேன்" என்றார். பிரிண்டரும் அதற்குள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்தேன். ‘ஐயா’ வரைக்கும் வந்தது. அதற்குமேல் குழந்தை முகம்தான் வந்தது.

அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பதினோரு வருசமா தெனம் காலைல நானும் இதே மாரி ஒரு லெட்டர் அடிச்சு டெம்ப்புல போடறேன் நைனா. அஞ்சரைக்கு நானே அணைச்சிடறேன்."

அண்ணாத்த ஓய்வு பெற்றுப் போய் நாளாகிறது. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். இப்போதெல்லாம் சர்வரை யாரும் அணைப்பதில்லை. என் ராஜினாமாக்களை நானே அழித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவரைத் திட்டத் தோன்றுகிறது, திட்ட அவர் இல்லையே என்றும் இருக்கிறது.