பாடாத சிடிகள்

இனுபுஷி சோற்றுப் பெட்டியைத் திறந்து, சாப்ஸ்டிக்கைக் கையில் எடுத்த நேரத்தில் மூன்றாவது தொலைபேசி வந்தது.

"நெகோரோ திருகாணித் தொழிற்சாலை, அலுவலகப் பிரிவு. இனுபுஷி பேசறேன்."

"நான் கோபேயிலருந்து ஹட்டா. ஏணிக் கம்பெனி ஹட்டா. உங்க முதலாளி அனுப்பின கோடைப் பரிசு வந்து சேர்ந்துச்சு. நூடுல்ஸ் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ரொம்ப சந்தோஷம்."

"அதோட ஒரு சிடியும் இருந்துச்சு."

இனுபுஷி சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். காலையில் வந்த இரண்டு அழைப்புகளும் சரியாக இந்த இடத்தில்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டன. ஹட்டாவும் கனைத்தார்.

"அது பாட மாட்டேங்குதுங்க. கொஞ்ச நேரம் சுத்துது, கர்ர்ருங்குது, நின்னுடுது. உங்க முதலாளி இப்பதான் போன் பண்ணி எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. என்ன சொல்றதுன்னே தெரியல."

"என்ன சொன்னீங்க?"

"நூடுல்ஸ் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன்."

அடுத்த நிமிஷமே முதலாளியின் அறைக் கதவு திறந்தது. சோறு அப்படியே ஆறிப்போனது.

முதலாளி நெகோரோவுக்கு இந்தச் செப்டம்பரில் அறுபது முடிகிறது. மற்ற முதலாளிகள் அறுபதுக்கு வழக்கப்படி சிவப்புச் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு விட்டுவிடுவார்கள். நெகோரோ எட்டுப் பாட்டு எழுதி, தானே மெட்டமைத்து, ஒசாகாவில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தானே பாடியும் விட்டார். மழையைப் பற்றி இரண்டு, துறைமுகத்தைப் பற்றி மூன்று, சாக்கே மதுவைப் பற்றி ஒன்று, அம்மாவைப் பற்றி ஒன்று. கடைசிப் பாட்டின் பெயர் 'ஒரு திருகாணியின் தனிமை'. நாற்பத்தெட்டு வாடிக்கையாளர்களுக்கும் கோடைப் பரிசோடு ஒவ்வொரு சிடி போக வேண்டும். அவர்கள் அதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, செப்டம்பர் இருபதாம் தேதி விருந்தில் எல்லாரும் கூடவே பாட வேண்டும். இதுதான் அவர் போட்ட திட்டம்.

சிடி தயாரிக்கும் வேலை இனுபுஷியின் தலையில் விழுந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு அலுவலக பிரிண்டரில் சிக்கியிருந்த ஒரு காகிதத்தை அவர் வெளியே இழுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர்தான் அங்கே கம்ப்யூட்டர் நிபுணர்.

"இனுபுஷி, இருபது பேருக்கு நானே போன் போட்டேன்," என்றார் முதலாளி. "இருபது பேரும் நூடுல்ஸைப் பத்திப் பேசறாங்க. நான் நூடுல்ஸாய்யா பாடினேன்?"

"நான் பதிஞ்சு முடிச்சதும் போட்டுப் பாத்தேன் முதலாளி. நல்லா பாடுச்சு."

"உன்கிட்ட பாடி என்ன பிரயோஜனம்? எந்தக் கடையில வாங்கின?"

"நிப்போன்பாஷியில. ஐம்பது சிடி மொத்தமா ஒரே டப்பாவுல."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "மொத்தமா. டப்பாவுல. என் வாழ்க்கைய ஊறுகா மாதிரி டப்பாவுல வாங்கியிருக்க. தோத்தோரி கிடங்குல ஆள் இல்லைன்னு தெரியுமில்ல?"

இனுபுஷிக்குத் தெரியும். தோத்தோரி கிடங்குக்குக் கடைசியாக மாற்றலாகிப் போனவர் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவார். 'பனி. வேறு விசேஷம் இல்லை' என்று எழுதியிருக்கும். இனுபுஷியின் மகள் கானா இந்த வருடம் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். போனால் அவர் தனியாகத்தான் போக வேண்டும்.

அன்று சாயங்காலமே நிப்போன்பாஷி கடைத்தெருவுக்கு ஓடினார். கடைக்காரர் மாகினோ, காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர், பழைய சிடியை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இந்தக் குப்பைய யாரு உங்க தலையில கட்டினது?"

"நீங்கதான்."

"எப்ப?"

"இந்த மாச ஆரம்பத்துல."

"அப்ப நீங்க எதுக்குன்னு சொல்லல. ஏதோ வீட்டுக் கணக்கு, பிள்ளைங்க படம்னு நினைச்சேன். பாட்டுன்னா வேற." மாகினோ சிடியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். "இங்க ஒரு சாயம் பூசியிருக்கு பாருங்க. பாட்டு இதுலதான் உக்காரும். சாயம் மட்டமா இருந்தா, பாட்டு உக்கார்ந்த வேகத்துலயே எழுந்து போயிடும். இத எவ்வளவு வேகத்துல பதிஞ்சீங்க?"

"இருக்கறதுலயே அதிக வேகம்."

மாகினோ காதிலிருந்து பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார்.

இரண்டாவது தடவை அடிப்பக்கம் கருநீலமாக இருந்த சிடிகளை வாங்கி, பாதி வேகத்தில் பதிந்தார் இனுபுஷி. ஒவ்வொன்றையும் போட்டு, முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஓடுகின்றனவா என்று சோதித்தார். ஓடின. முதல் தடவை போலவே முதலாளி வீட்டில் கொடுத்தார். முதலாளியம்மாதான் ஒவ்வொரு உறையிலும் தூரிகையால் முகவரி எழுதி, கூடவே ஒரு சிறு கடிதமும் வைத்து அனுப்புவார். அவருடைய கையெழுத்து அவ்வளவு அழகு. அதனாலேயே யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை. நான்கைந்து நாள் ஆகும்.

ஒரு வாரம் கழித்துக் கோபே ஹட்டா கூப்பிட்டார்.

"இந்தத் தடவை பாடுதுங்க."

"அப்பாடா."

"உங்க முதலாளிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏன் கேக்கறீங்க?"

"முதல் பாட்டு முடியறதுக்குள்ள திக்க ஆரம்பிக்கறாரு. ரெண்டாவது பாட்டுல குரலே இல்ல, கிரீச் கிரீச்சுன்னு ஒரு சத்தம் மட்டும். என் சம்சாரம் பெட்டிக்குள்ள பூச்சி போயிடுச்சுன்னு திருப்பித் தட்டிட்டு இருக்கா."

இனுபுஷிக்கு நம்பிக்கை வரவில்லை. வாடிக்கையாளர்கள் சேர்ந்துகொண்டு ஏதாவது சாக்குச் சொல்கிறார்களோ என்று தோன்றியது. விடுப்புப் போட்டுவிட்டுக் கோபேக்கே ரயில் ஏறினார். ஹட்டாவின் வீட்டுக் கூடத்தில், ஹட்டாவும் அவர் மனைவியும் இரண்டு பக்கமும் மண்டியிட்டு உட்கார்ந்திருக்க, சிடி சுழன்றது. மழைத் துறைமுகத்தில் நின்ற முதலாளி 'போ, போ, போ, போ' என்று பன்னிரண்டு தடவை சொல்லிவிட்டுக் கிரீச்சிட்டு அடங்கினார்.

"எழுத்துப்படி அது 'போகாதே'," என்றார் இனுபுஷி.

"அப்படியா," என்றார் ஹட்டாவின் மனைவி மரியாதையாக.

வாடிக்கையாளர்களில் பதினொரு பேர் முதலாளிக்குப் பக்கவாதமோ என்று பயந்து, நலம் விசாரித்துப் பழக்கூடை அனுப்பினார்கள். ஒரே நாளில் நான்கு தர்ப்பூசணி வந்து இறங்கியபோது முதலாளி இனுபுஷியை அறைக்குக் கூப்பிட்டார்.

"நான் உயிரோட இருக்கேன்னு எல்லாருக்கும் கடிதம் எழுது," என்றார். "அப்புறம் இன்னொண்ணு. சிடி மொட்டையா இருக்கு. மேல ஒரு படம் இல்ல, பேர் இல்ல. பாக்கறவனுக்கு எப்படி மதிப்பு வரும்? என் படத்த ஒட்டு."

மூன்றாவது தடவை, மாகினோ கடையிலேயே வட்டமான ஒட்டுத்தாள்கள் கிடைத்தன. சிவப்புச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் போட்ட முதலாளியின் படத்தை நாற்பத்தெட்டு தடவை அச்சடித்து, நாற்பத்தெட்டு சிடிகளில் இம்மி பிசகாமல் ஒட்டினார் இனுபுஷி. சிடியும் முன்பைவிட ஒரு படி உயர்ந்த ரகம். முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை ஒழுங்காக முடித்ததாக அவருக்குத் தோன்றியது.

அந்தத் தடவை கூப்பிட்டவர் ஹட்டா இல்லை. பம்ப் கம்பெனி இயக்குநர் யாகுரா. நெகோரோவின் திருகாணிகளில் மூன்றில் ஒரு பங்கை வாங்குகிறவர். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார்.

"இனுபுஷி சான், உங்க சிடிய என் கார்ல போட்டேன். ஒட்டுத்தாள் உரிஞ்சு சுருண்டுடுச்சு போல. பாதி உள்ள போய் மாட்டிக்கிச்சு. பாடவும் மாட்டேங்குது, வெளிய வரவும் மாட்டேங்குது."

"மன்னிச்சிடுங்க. உடனே மெக்கானிக்க அனுப்பறேன்."

"மெக்கானிக் வந்து பாத்துட்டாரு. முழுப் பெட்டியையும் கழட்டணுமாம், விடுமுறை முடிஞ்சுதான் முடியுமாம். அதுவரைக்கும் நெகோரோ சானோட தொப்பியும் கண்ணும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. தினமும் ஆபீசுக்குப் போறப்ப என்னையே பாத்துட்டு வராரு."

அன்றைக்குத் தோத்தோரி என்ற சொல்லை முதலாளி ஏழு தடவை சொன்னார். ஏழாவது தடவை, அங்கே குளிருக்கு எந்த மாதிரி உள்ளாடை நல்லது என்றும் சொன்னார்.

இனுபுஷி மாகினோவின் கடையில் போய் நின்றார். சுருண்ட ஒட்டுத்தாளின் கதையைச் சொன்னார். மாகினோ அவரைப் பார்த்தார், கடையின் உள்ளே போனார், ஓர் அட்டைப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

"இத நான் யாருக்கும் காட்டறதில்ல," என்றார் தாழ்ந்த குரலில். "ஒவ்வொண்ணும் தனித்தனிப் பெட்டி. அடிப்பக்கம் தங்கம். நம்ம நாட்டுலயே செஞ்சது. படத்த ஒட்டவே வேண்டாம், மேல்பக்கமே அச்சடிக்கலாம். இருக்கறதுலயே குறைஞ்ச வேகத்துல பதியுங்க. ஓரத்த மட்டும் தொடுங்க. பதியும்போது யாரும் அந்த அறையில நடக்கக் கூடாது. முடிஞ்சா மூச்சையும் குறைச்சுக்கோங்க."

"இது எவ்வளவு நாள் தாங்கும்?"

"நூறு வருஷம். வெயில், மழை, எதுக்கும் அசையாது."

ஆகஸ்டு விடுமுறை தொடங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொந்த ஊருக்கும் கடற்கரைக்கும் கிளம்பினார்கள். இனுபுஷி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இந்த முறை முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் மட்டும் போதாது என்று முடிவு செய்திருந்தார். நாற்பத்தெட்டு சிடிகளையும் முதலிலிருந்து கடைசி வரை கேட்பது. ஒரு சிடிக்கு முப்பத்தெட்டு நிமிஷம்.

முதல் நாள் மதியம் அவர் மனைவி மிதோரி வாசலில் வந்து நின்றாள்.

"அந்தத் திருகாணி மறுபடியும் தனியா இருக்கா?"

"ஒன்பதாவது சிடி. இன்னும் முப்பத்தொன்பது இருக்கு."

"கானா படிக்க முடியலங்கறா. சரித்திரப் புத்தகத்துல சக்கரவர்த்தி பேருக்குப் பதிலா துறைமுகம்னு எழுதி வச்சிருக்கா."

"இன்னும் மூணு நாள்தான் மிதோரி."

"நாங்க நாராவுல அக்கா வீட்டுல இருக்கோம். அது தனிமையில இருந்து வெளிய வந்ததும் போன் பண்ணுங்க."

நான்காம் நாள் சாயங்காலம் நாற்பத்தெட்டாவது சிடி முடிந்தது. எதிலும் ஒரு கீறல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. கண்ணாடி மாதிரி ஒலி. முதலாளி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இனுபுஷி அவற்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் போய் முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி ரயிலில் வரும்போது தன்னையறியாமல் ஏதோ முணுமுணுத்தார் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார்.

ஐந்து நாள் ஆயிற்று. ஒரு சிடியும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. எட்டு நாள் ஆயிற்று. பத்தாம் நாள் முதலாளி அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"விருந்துக்கு மூணு வாரந்தான் இருக்கு. சிடி இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பல. வீட்டம்மாகிட்ட கேட்டா, பழுது இருக்கான்னு பாக்கறேங்கறா. மறுபடியும் என்னத்தய்யா கொடுத்துத் தொலைச்ச? போய்ப் பாத்துட்டு வா. பழுதுன்னா அப்படியே தோத்தோரிக்கு ரயில் ஏறிடு, இங்க வர வேண்டாம்."

முதலாளி வீட்டு வாசலில் இனுபுஷி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதலாளியம்மா அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, குளிர்ந்த பார்லித் தேநீர் கொண்டுவந்து வைத்தார். சின்ன உருவம், அமைதியான முகம். வெயிலில் கொஞ்சம் கறுத்திருந்தார்.

"இனுபுஷி சான், இந்தத் தடவை கொடுத்த சிடிகள நீங்களே கேட்டுப் பாத்தீங்களா?"

"ஒவ்வொண்ணையும் கேட்டேம்மா. ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும்."

"நாப்பத்தெட்டையுமா?"

"ஆமாம்மா."

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"நாராவுல இருக்காங்க."

"பாவம்," என்று முதலாளியம்மா தேநீரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "நான் நேத்துகூட ஒண்ணப் போட்டுப் பாத்தேன். தெளிவா பாடுது."

இனுபுஷி தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "அது உயர்ந்த ரகம்மா. தங்கம். நூறு வருஷம் தாங்கும்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறையா சொன்னாரு."

முதலாளியம்மா வாயருகே கொண்டுபோன தன் கோப்பை அப்படியே நின்றது.

"நூறு வருஷமா?"

"ஆமாம்மா. உங்க பேரப்பிள்ளைங்க, அவங்க பிள்ளைங்ககூடக் கேக்கலாம்."

வெளியே சிள்வண்டுகள் இரைந்துகொண்டிருந்தன. முதலாளியம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதல்ல ஒண்ணு வாங்கினீங்களே, டப்பாவுல. அது அந்தக் கடையில இன்னும் கிடைக்குமா?"

குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தார் இனுபுஷி. நெற்றி தரையில் படும்படி குனிந்தார். "அது என்னோட தப்புதாம்மா. புத்தியில்லாம வாங்கிட்டேன். தயவுசெஞ்சு தோத்தோரிக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

"எழுந்திரிங்க. தோத்தோரிக்கு யாரும் போக வேண்டாம், அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கிடைக்குமா, கிடைக்காதா?"

"கிடைக்கும்மா. ஆனா அது ரொம்ப மட்டமான சரக்கு."

முதலாளியம்மா மாடிப்படி பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அத துணி காயப்போடற மாடியில மூணே நாள் வெயில்ல போட்டேன், சத்தமில்லாம அடங்கிடுச்சு, இத பத்து நாளா புரட்டிப் புரட்டிக் காயவைக்கறேன், மனுஷன் இன்னும் பாடிக்கிட்டே இருக்காரு."