கடலுக்கு மதகு ஏது?

கதை படிப்பதற்கும் முறையான இடம் ஒன்று உண்டு என்று அரசாங்கம் கண்டுபிடித்த வருஷம் அது. அந்தக் கோடையில் பட்டணத்துப் பெரிய மனிதர்கள் கடற்கரை மணலில் சாய்ந்துகொண்டு இலேசான நாவல் படிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதுதான் நாகரிகம் என்றும் ஆகிவிட்டது. பட்டிக்காட்டு ஜனங்களை மட்டும் நாகரிகம் இல்லாமல் விட்டுவிட முடியுமா? எல்லாக் கிளை நூலகங்களுக்கும் உத்தரவு பறந்தது: 'ஏப்ரல் முதல் ஜூன் முடிய, இலகு நாவல்கள் கடற்கரையில் வாசிக்கும் பொருட்டு மட்டுமே இரவல் வழங்கப்படும்.'

உத்தரமேரூரை அடுத்த ஒரு கிராமத்து நூலகத்துக்கும் அது வந்து சேர்ந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்து பேரன் பேத்தி எடுத்தவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை.

ஜெயம்மாளுக்கு வயிறு எரிந்தது. அவள் படித்த நாவலின் முதல் பாகக் கடைசிப் பக்கத்தில் மனோரஞ்சிதம் மணவறையிலிருந்து எழுந்து ஓடிவிட்டாள். எங்கே ஓடினாள் என்பது இரண்டாம் பாகத்தில். இரண்டாம் பாகம் நூலகர் வேதகிரியின் பூட்டிய பீரோவில்.

"கண்ணாடி வழியா தெரியுது, எடுத்துக் குடுக்க மாட்டேன்றீங்களே, இன்னா சார் இது?"

"குடுக்கலாம்மா. கடற்கரை எங்க கீது?"

"கடலுக்கு நான் எங்க போவேன்?"

வேதகிரி கெட்டவர் அல்ல. வேலை இன்னும் நிரந்தரமாகாதவர். 'இங்கே கடல் இல்லை, என்ன செய்வது?' என்று மேலிடத்துக்குப் பணிவுடன் எழுதிக் கேட்டார். பதில் வந்தது. 'கடல் இல்லாதது தங்கள் நூலகத்தின் குறைபாடு. உடனே நிவர்த்தி செய்யவும். பெரிய நீர்நிலை ஏதேனும் இருப்பின், உள்ளூர் நிலச்சொந்தக்காரர் சான்றளிக்கும் பட்சத்தில் அது கடலாகக் கருதப்படும்.'

ஊரில் ஏரி இருந்தது. சித்திரை வெயிலில் அதற்குள் ஆடுகள் மேய்ந்தன.

"தண்ணியே இல்லியே சார்," என்றாள் ஜெயம்மாள்.

"உத்தரவுல தண்ணியப் பத்திப் பேச்சே இல்லம்மா. உங்க வூட்டுக்காரர் ஒரு கையெழுத்து போட்டா போதும்."

ஏரிப் பாசனத்தில் அதிக நிலம் வைத்திருந்தவர் அவள் புருஷன் பச்சமுத்துதான். உடைந்துபோன மதகைக் கட்டித்தரச் சொல்லி வருஷா வருஷம் மனுப் போட்டு அலுத்தவரும் அவர்தான். மதகு சரியில்லாததால் ஏரி எவ்வளவு நிரம்பினாலும் தைக்குள் தண்ணீர் ஒழுகிப் போய்விடும், பயிர் கருகும்.

"ஏரியப் போய் கடல்னு எழுதிக் குடுக்க எனுக்கு இன்னா பைத்தியமா?" என்று துண்டை உதறினார்.

ஜெயம்மாள் வாதாடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நாவலை உரக்கப் படிப்பதும், அவர் தூங்குகிற பாவனையில் ஒரு வரி விடாமல் கேட்பதும் அந்த வீட்டு வழக்கம். அன்று அவள் சும்மா உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்தாள்.

கட்டிலில் புரண்ட பச்சமுத்து கடைசியில் கேட்டார்: "அந்தப் பொண்ணு எங்கதான் ஓடுச்சாம்?"

"கடலாண்ட போனாத்தான் தெரியும்."

சாயங்காலம் கையெழுத்தாகிவிட்டது.

ஏரிக்கரையில் 'கடற்கரை' என்று பலகை நட்டார்கள். குடை பிடித்துக்கொண்டு ஊரே நாவலும் கையுமாக உட்கார்ந்தது. பார்வையிட வந்த அதிகாரி மண்ணைத் தொட்டுப் பார்த்து, "அலை எங்கே?" என்றார்.

"மழைக்காலத்துல வருங்க சார்," என்றார் வேதகிரி.

"சுண்டல்?"

சுண்டல் விற்கும் கோவிந்தம்மாள் கூடையோடு ஓடி வந்தாள். அதிகாரி ஒரு பொட்டலம் சாப்பிட்டுவிட்டு, 'அலை பருவகாலத்துக்கு உரியது. மற்றபடி கடல் திருப்திகரம்' என்று எழுதினார். வேதகிரியின் வேலை அப்போதே நிரந்தரமாயிற்று.

இந்தச் சந்தோஷத்தில்தான் மதகு மனுவுக்குப் பதில் வந்தது. 'தங்கள் ஊரில் இருப்பது கடல் என்று தாங்களே சான்றளித்துள்ளீர்கள். கடலுக்கு மதகு கட்டும் வழக்கம் இத்துறையில் இல்லை.'

பச்சமுத்து நூலகத்துக்குப் பாய்ந்தார். "சார், அது ஏரிதான்! இப்பவே மாத்தி எழுதுங்க!"

"பேஷா எழுதறேன். ஆனா கடற்கரை ரத்தாயிடும். அம்மா கையில கீற புஸ்தகத்த இன்னைக்கே திருப்பணும்."

பச்சமுத்து நின்றார். முந்தின நாள்தான் மனோரஞ்சிதம் ரயில் ஏறியிருந்தாள். எதிரே முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஆள் யாரென்று இன்னும் தெரியவில்லை.

"மழைக்கு நாள் கீதே சார்," என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஐப்பசியில் கடல் தளும்பத் தளும்ப நிரம்பியது. உடைந்த மதகு வழியாக, மனோரஞ்சிதத்தைப் போலவே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஓடியது. ஊர்க்காரர்கள் கரையில் நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாங்க, புஸ்தகம்தான் முடிஞ்சிடுச்சே. இப்பவாச்சும் ஏரின்னு எழுதிக் குடுக்கலாமே?" என்றாள் ஜெயம்மாள்.

"குடுக்கலாம்," என்றார் பச்சமுத்து, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா மூணாம் பாகம் கோடையிலதான் வருதாமே."