தபீதாளுக்கு ஒரு ஃபோன் போடு அக்கா

கிழக்கு தாம்பரம்,
சனிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தமக்கை திருமதி காமு அவர்களின் சமுகத்திற்கு, இளைய சகோதரன் சாம்பசிவன் வணக்கத்துடன் வரைந்துகொள்வது. இங்கு நான், என் மனைவி துர்கா, மகள் ஸ்நேகா ஆகிய மூவரும் உடலளவில் நலம். கோவையில் தாங்களும், மகன் கிரீஷும், தங்கள் இடது முழங்காலும் நலமென நம்புகிறேன்.

பொருள்: ஸ்நேகா – ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்க, நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்தல் – தடுத்து நிறுத்த உதவி கோருதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற செவ்வாயன்று தாங்கள் தொலைபேசியில் ‘படிக்கட்டுமே’ என்று சொல்லிவிட்டு வைத்தது.

மேற்படி பொருள் குறித்துத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிந்து தெரிவிப்பது யாதெனில், எஞ்சினியரிங் முடித்து, சிறுசேரியில் நான்கு ஆண்டுகளாக சாஃப்ட்வேர் வேலை பார்த்துவரும் என் மகள், இப்போது அமெரிக்காவில் நர்ஸ் படிக்கப் போகிறேன் என்கிறாள். கையில் ஒரு டிகிரி இருப்பவர்களுக்கு நாலு வருஷப் படிப்பைப் பதினைந்தே மாதத்தில் முடித்துக் கொடுக்கிறார்களாம். தாம்பரம் ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி, நடுவில் பாதி ஸ்டேஷன்ல நிக்காது. இதை ஃபோன்ல பேசலாம்னா துர்கா காதில் விழும், துர்கா காதில் விழுந்தது ஸ்நேகா காதுக்குப் போக அஞ்சு நிமிஷம் ஆகாது. அதனால்தான் கடிதம். விஷயம் இவ்வளவுதான் அக்கா. எல்லாக் காகிதமும் போயாச்சு. பாக்கி ஒரே ஒரு சிபாரிசு. அதைக் கொடுக்க வேண்டியது உன் கூட நர்ஸ் டிரெயினிங் படிச்ச தபீதாள் சிஸ்டர். வர்ற ஒண்ணாந்தேதிக்குள்ள அது போகலைன்னா இந்த வருஷம் சீட்டு கிடையாது. நீ அவங்களுக்கு ஒரு ஃபோன் போட்டு, கொஞ்சம் தள்ளிப்போடுன்னு சொல்லணும். நீ சொன்னா தட்ட மாட்டாங்க.

அவசரப்பட்டுத் திட்டாதே, முழுசாப் படி. ஆறு மாசமா இந்த வீடு வீடா இல்லை. அந்தக் கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே எலும்பு, கிருமி, புள்ளிவிவரம்னு தனித்தனியா பாஸ் பண்ணணுமாம். ஆபீஸ் முடிஞ்சு வந்து கம்ப்யூட்டர்ல படிக்கிறா. கிருமி கம்ப்யூட்டர்ல இருக்கு, எலும்புக்கு நான் இருக்கேன். நிம்மதியா ரெண்டு இட்லி சாப்பிடலாம்னு உட்கார்ந்தா முதுகுல விரலை வெச்சு எண்ண ஆரம்பிச்சிடறா, நடுவுல நான் இருமினா மறுபடி முதல்லேருந்து. ஒரு நாளைக்கு நாலு வாட்டி பி.பி. பார்க்கறா. பார்க்கிறதாலேயே ஏறுது, அதையும் ஒரு நோட்டுல எழுதிக்கறா. கீழ் வீட்டு அசரியா சார் ஓசியில பேப்பர் படிக்க வர்றவர், இப்பல்லாம் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டே படியேறறார். பேப்பரைத் தொடறதே இல்லை.

இது போகட்டும். அந்தக் கவர் விஷயத்தை உன்கிட்ட யாராவது சொல்லியிருப்பாங்க, என் பக்கத்தையும் கேளு. காலேஜ் மார்க்கெல்லாம் யூனிவர்சிட்டியே கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல முத்திரை குத்திக் கொடுக்கும். அமெரிக்காவுலதான் அதைப் பிரிக்கணும், நடுவுல யாரும் பிரிச்சா செல்லாது. மூணு மாசம் அலைஞ்சு வாங்கிக்கிட்டு வந்து, சாப்பாட்டு மேஜை மேல வெச்சிட்டுக் குளிக்கப் போனா. நான் காபியோட அந்தப் பக்கம் வந்தேன். அக்கா, இது தபால் செக்‌ஷன்ல முப்பத்தோரு வருஷம் இருந்த கை. காலையில போய் உட்கார்ந்தா மேஜை மேல ஒரு குவியல் இருக்கும். ஸ்கேலை உள்ள விட்டு ஒரே இழுப்பு, காகிதத்தை எடுத்து நீவி, தலையில வரவு எண், தேதி, சுருக்கொப்பம். எதிர் சீட்டு ஐசக் எங்கிருந்து வந்திருக்குன்னு உரக்கப் படிப்பான், நான் பதிவேட்டுல ஏத்துவேன். பசை வாசனையும் முத்திரை மை வாசனையும் சேர்ந்து மதியம் தயிர் சாதத்துலகூட இருக்கும். ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டாங்க, சால்வை போட்டாங்க. மறுநாள் காலையில பிரிக்க ஒரு கவர் இல்லை. அந்த ஏக்கம் உனக்குப் புரியும், நீயும் ரிட்டயர் ஆனவதானே.

ஸ்நேகா தலையைத் துவட்டிக்கிட்டு வந்து பார்க்கறா. அவளோட எட்டு செமஸ்டர் மார்க்குக்கு மேல சிவப்பு மையில வரவு எண் ஒண்ணு, தேதி, கீழே என் சுருக்கொப்பம். சத்தம்கூடப் போடலை. “நம்பர் ஒண்ணுன்னு போட்டிருக்கியேப்பா, இன்னும் எத்தனை வரப்போகுது?”ன்னு கேட்டா. மறுபடி அலைஞ்சு இன்னொண்ணு வாங்கி, அதை பீரோவுல பூட்டி, சாவியை ஆபீசுக்கு எடுத்துக்கிட்டுப் போனா. வேணும்னே பண்ணினியாடான்னு நீ கேட்பே. கை தானாப் பண்ணிச்சு, அது சத்தியம். ஆனா பண்ணி முடிச்சப்புறம் மனசுல ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, அதுக்கு நான்தான் பொறுப்பு.

சரி, கல்யாணம்னு ஒண்ணு நடந்தா இந்த எண்ணம் தன்னால போயிடும்னு துர்கா மேடவாக்கத்துலேருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தா. பையன் நல்ல பையன், வர்ற வழியில தண்ணி லாரிக்குப் பின்னாடி ஒண்ணேகால் மணி நேரம் நின்னும் சிரிச்சுக்கிட்டே வந்தான். கேசரி ஆச்சு, பஜ்ஜி ஆச்சு, பையனோட அம்மாவைக் காட்டி, அத்தை கால்ல விழுந்து கும்பிட்டுக்கம்மான்னா துர்கா. விழுந்தவ எழுந்திருக்கலை. நாங்க எல்லாம் பொண்ணுக்கு எவ்வளவு பக்தின்னு பார்த்துக்கிட்டிருக்கோம், இவ கீழ உட்கார்ந்து அந்தம்மாவோட கணுக்காலைக் கட்டை விரலால அமுக்கிக்கிட்டிருக்கா. “ஆன்ட்டி, அமுக்கின இடம் குழியாவே நிக்குதே, எத்தனை நாளா இப்படி? யூரின் சரியாப் போறீங்களா?” அக்கா, சபையில எட்டுப் பேரு. மாப்பிள்ளையோட அப்பா பஜ்ஜியை வாயில வெச்சது வெச்சபடி இருந்தார். அப்புறம் ஒரு வாரம் பேச்சு மூச்சில்லை. எட்டாம் நாள் அந்தம்மா ஃபோன். துர்கா சந்தோஷமா எடுத்தா, அவங்க ஸ்நேகாகிட்ட குடும்மான்னாங்க. டெஸ்ட் பண்ணினதுல கிட்னியில கோளாறாம், ஆரம்பத்துலேயே பார்த்ததால மாத்திரையிலேயே சரியாயிடுமாம். பெரிய டப்பாவுல ஸ்வீட் வந்துச்சு. சம்பந்தம் வரலை. பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு, ஆனா வீட்டுக்கு மருமகளா வந்தா பயமா இருக்கும்னு தரகர்கிட்ட சொன்னாங்களாம்.

இப்ப சனி, ஞாயிறுன்னா தபீதாள் சிஸ்டர் ரிட்டயர் ஆகியும் விடாம வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிடறா. பெட்ஷீட் மாத்தறது, கஞ்சி ஊட்டறதுன்னு நாள் பூரா வேலை. விண்ணப்பத்துல இத்தனை மணி நேரம்னு காட்டணுமாம். காலையில நான்தான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விடறேன், சாயந்திரம் நான்தான் கூட்டிக்கிட்டு வர்றேன். அங்க சிஸ்டரைப் பார்க்கிறப்போல்லாம் எனக்கு எழுபத்தேழாம் வருஷம் ஞாபகம் வந்துடுது அக்கா. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைத் தூக்கிக்கிட்டுத் தாம்பரத்துல கரன்ட் வண்டி ஏறி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, உன் ஹாஸ்டலுக்கு நடந்தே வருவேன். வராந்தாவைத் தாண்டி உள்ள விட மாட்டாங்க. நீயும் சிஸ்டரும் பெஞ்சுல உட்கார்ந்து ஒரே டப்பாவுல கை விட்டுச் சாப்பிடுவீங்க, எனக்கு ஒரு வாய் மிச்சம் வெச்சது கிடையாது. போறப்போ என் தலையை நீ கையாலேயே வாரி விடுவே. உன் கையில லைசால் வாசனை. அது பல்லாவரம் தாண்டற வரைக்கும் என் தலையில இருக்கும். நீ நர்ஸ் படிக்கப் போனதுக்காக அப்பா உன்னோட பேசாம இருந்த காலம். வீட்டுக்கு வந்தா, காமு எப்படி இருக்கான்னு கேட்க மாட்டார். வண்டியில கூட்டமாடான்னு கேட்பார். நல்லா சாப்பிட்டாப்பான்னு நான் சொல்லுவேன். அவர் பேப்பரைத் திருப்பிக்குவார். அந்த நாளெல்லாம் எவ்வளவு நல்லா இருந்துச்சு.

உன்னை நினைச்சு அவ்வளவு பெருமையா இருந்தவன் இப்ப ஏன் தடுக்கறேன்னு கேட்பே. அம்மா கடைசியா படுத்திருந்த ஒன்பது நாளும் நீ யாரோட அம்மாவையோ பார்த்துக்கிட்டிருந்தே. உன் ஊர்ல வெள்ளம், காலரா, லீவு தரலை. நான் குத்தம் சொல்லலை. ஆனா அம்மா விடாம, “காமுவுக்கு டூட்டி முடிஞ்சுதாடா”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இத்தனை வருஷமா இதை உன்கிட்ட சொல்லலை, இப்ப கை தவறி எழுதிட்டேன், மன்னிச்சுக்கோ. நாளைக்கு நான் அப்படிப் படுத்தா ஸ்நேகா எங்கே இருப்பா? எனக்குப் பயமா இருக்குக்கா. துர்காகிட்ட சொன்னா டி.வி. சத்தத்தைக் கூட்டிடுவா. வேற யார்கிட்ட சொல்ல?

ஆகவே, மேற்கூறிய சூழ்நிலைகளைக் கருணையுடன் பரிசீலித்து, தபீதாள் சிஸ்டருக்கு உடனடியாக ஒரு ஃபோன் போடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். கிரீஷுக்கு என் ஆசிகள், அவன் மனைவிக்கு எங்கள் அன்பு. முழங்காலை மடக்கித் தரையில் உட்காராதே. கும்பிடுகிறவர்களின் தலைமேல் உன் கை எப்போதும் இருக்கட்டும், என் தலை உட்பட.

இப்படிக்கு,
உன் தம்பி சாம்பசிவன்,
தபால் பிரிவு (ஓய்வு).
இணைப்பு: எதுவுமில்லை.

பி.கு.: ஞாயிறு இரவு. சிஸ்டருக்கு ஃபோன் போட வேண்டாம். மேலே எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதே. எழுதின தபாலைக் கிழிச்சுப் போட்டுப் பழக்கமில்லாததால அப்படியே அனுப்பறேன். சாயந்திரம் ஸ்நேகாவைக் கூப்பிடப் போனவன், நாமே சொல்லிடலாமேன்னு அரை மணி முன்னாடி போய் மாடியேறி சிஸ்டர் ரூமுக்குப் போனேன். “வா சாம்பு, கண்ணாடி உடைஞ்சு உட்கார்ந்திருக்கேன். உன் பொண்ணுக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல சிபாரிசு அனுப்பணும், நான் சொல்லச் சொல்ல நீ அடி”ன்னு உட்கார வெச்சிட்டாங்க. அந்தப் படிவத்துல ஒரு கேள்வி விடாம பதில் சொன்னாங்க. கோவளம் பக்கத்துலேருந்து அங்காளம்மான்னு ஒரு மீன்கார அம்மா இடுப்பு ஒடிஞ்சு வந்திருக்காங்க. “இன்னாமே இது, உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல, மன்சன் துண்ணுவானா?”ன்னு ரெண்டு நாள் தட்டை வீசினவங்க. நம்ம ஸ்நேகா போய், “துண்ணாதான் நடக்கலாம், நடந்தாதான் வூட்டுக்குப் போலாம், வூடு வேணாமா?”ன்னு கேட்டு, நாலு இட்லியை ஊட்டிட்டு வந்தாளாம். இதை இங்கிலீஷ்ல போடுன்னாங்க. முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் இங்கிலீஷ் பார்த்தவன், முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். நோயாளிக்கு உணவில் திருப்தி இல்லை, விண்ணப்பதாரர் நிலைமையைச் சீர் செய்தார்னு போட்டேன். எழுத எழுத எனக்குக் கண் மறைச்சிடுச்சு, இந்தப் பொண்ணு யாரு, என் வீட்டுலயா இருக்கான்னு.

கடைசிக் கேள்வி, இவரிடம் நீங்கள் காணும் குறை என்ன. சிஸ்டர் யோசிக்கவே இல்லை. “நாலரை ஆச்சுன்னா கவனம் போயிடும். ஜன்னலையே பார்த்துக்கிட்டிருப்பா. எங்கப்பா சீக்கிரமே வந்து வெயில்ல நிப்பாரு சிஸ்டர், உள்ளயும் வர மாட்டாரு, கூப்பிடவும் மாட்டாருன்னு புலம்புவா. அதை எழுது”ன்னாங்க. அதை நான் எழுதலைக்கா. குறை ஏதும் காணப்படவில்லைன்னு அடிச்சேன். கீழே, அனுப்புன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. சிஸ்டருக்குத்தான் கண்ணாடி இல்லையே, “அமுக்கிட்டியா சாம்பு?”ன்னு கேட்டாங்க. ஆச்சு சிஸ்டர்னு சொன்னேன். சொல்லிட்டு ரொம்ப நேரம் கையை வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் அமுக்கினேன்.