செல்வநாயகத்தின் பதினான்கு கருத்துகள்

அரசாங்கத்துக்கே புத்தி சொல்வது என்று செல்வநாயகம் தீர்மானித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வயிற்றில் மீன்குழம்பு. கையில் பேப்பர். கண்ணில் பாதித் தூக்கம். அந்தத் தூக்கம் ஒரே அறிவிப்பில் பறந்துபோனது.

"ராணி! ஏட்டி ராணி! அரசாங்கம் என்கிட்டக் கருத்துக் கேக்குது!"

அற்புதராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்ககிட்டயா?"

"பொதுமக்கள்கிட்ட. நான் என்ன தனிமக்களா? வேலை பெர்மிட்டு ஃபாரத்தை மாத்தப் போறாவளாம். வெளிநாட்டுக்காரங்க முப்பது நாளைக்குள்ள கருத்து எழுதி அனுப்பலாமாம்."

"வெயில்ல நின்னு கருத்துப்போனவங்களைப் பாத்துக் கருத்துக் கேக்காவளாக்கும்?"

"கிண்டல் பண்ணாத. இந்த அல் ஐன் ஊர்ல ஃபாரத்தைப் பத்திப் பேச என்னை விட்டா ஆளு யாரு?"

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. செல்வநாயகம் தூத்துக்குடியிலிருந்து அரபு நாட்டுக்குப் பிழைக்க வந்தவர். கௌஸ் முகம்மது பாயின் டைப்பிங் கடையில் பதினோரு வருஷமாக விண்ணப்பம் நிரப்புகிறவர். யாருடைய விண்ணப்பத்தையும் பத்து நிமிஷத்தில் நிரப்பிவிடுவார். ஒரே ஒருத்தியின் விண்ணப்பத்தை மட்டும் இரண்டு வருஷமாக நிரப்பவில்லை. அந்த ஒருத்தி ராத்திரிக்கு மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அற்புதராணி நர்ஸ். ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் பிரசவ வார்டில் இருந்தவள். புருஷனின் விசாவில் இங்கே வந்த பிறகு வீட்டோடு இருந்தாள். எதிர்த்தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஷியாமளா பார்க்கும்போதெல்லாம், "எப்பம்மா வர்றே?" என்று கேட்டார். புருஷன் விசாவில் இருக்கும் பெண் வேலைக்குப் போக வேண்டுமானால் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்குப் புருஷனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். மூன்று இடத்தில்.

செல்வநாயகத்துக்குக் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. மதியம் ஒரு மணிக்குக் கடையை அடைத்தால் நாலு மணிக்குத்தான் திறப்பு. அந்த மூன்று மணி நேரமும் சூடான சோறு, மின்விசிறி, ராணி. இதில் எதையும் இழக்க அவருக்கு மனசில்லை. ஆனால் 'போகாதே' என்று சொல்லவும் தைரியமில்லை. அதனால் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார்.

"புது ஃபாரம் வரப்போகுதுட்டி. இப்பப் போட்டாத் திருப்பி அனுப்பிருவான். புதுசு வரட்டும்."

இரண்டு வருஷம் இந்தப் பொய் நன்றாக ஓடியது. ஒருநாள் அவர் தூங்குவதாக நினைத்து ராணி அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்து, "எனக்கு என்ன?" என்று பதறினார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. என் கை மறந்துரக்கூடாதுல்லா, அதான்."

அன்றைக்கு மட்டும் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

இப்போது பொய் மெய்யாகி, நிஜமாகவே புதுப் படிவம் வரப்போகிறது! வந்துவிட்டால் என்ன சாக்குச் சொல்வது? யோசித்தார். கருத்து கூடினால் படிவம் தாமதமாகும். படிவம் தாமதமானால் ராணி வீட்டில் இருப்பாள். ஆகவே கருத்து சொல்வது தேசத்துக்கும் நல்லது, தனக்கும் நல்லது.

தொழிலாளர் அலுவலக வாசலில் மாதிரிப் படிவத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். பழையது இரண்டு பக்கம். புதியது ஆறு பக்கம். ஒன்பது நாள் மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து செல்வநாயகம் குறை கண்டுபிடித்தார்.

முதல் கருத்து: பெயருக்கு நாலு கட்டம் எதற்கு? பெயர், தகப்பன் பெயர், தாத்தா பெயர், குடும்பப் பெயர் என்று கேட்டால் கடைக்கு வரும் ராமநாதபுரத்துக் கார்மேகம் குடும்பப் பெயருக்கு எங்கே போவான்? போன தடவை காலிக் கட்டத்தில் அவன் அப்பா மூக்கன் பெயரைப் போட்டதில், தொழிலாளர் கேம்ப் முழுக்க அவனை 'மிஸ்டர் மூக்கன்' என்று கூப்பிடுகிறது. நாலாவது கருத்து: தொழில் பட்டியலில் ஒட்டகம் மேய்ப்பவர் இரண்டு இடத்தில் இருக்கிறார், கொத்தனார் ஒரு இடத்திலும் இல்லை. ஒன்பதாவது: 'கறுப்பு மையில் மட்டும் எழுதவும்' என்ற வரி நீல மையில் அச்சாகியிருக்கிறது.

எல்லாம் நியாயமான கருத்துகள்தான். பதினாலாவது மட்டும் கொஞ்சம் அந்தரங்கமானது.

"கருத்தெல்லாம் ரெடி," என்று ராணியிடம் தாள்களை நீட்டினார். "இங்கிலீஷ்ல நல்லா எழுதணும். உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்லா?"

ஃபாரம் நிரப்புவதில் புலியான செல்வநாயகத்துக்குச் சொந்தமாக நாலு வரி இங்கிலீஷ் எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். ராணி தாள்களை வாங்கிப் படித்தாள். பதினாலில் வந்து நின்றாள்.

"'வேலைக்குப் போகும் மனைவிக்குக் கணவன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு சாட்சியோடு நேரில் வந்து சம்மதத்தைப் புதுப்பிக்க வேண்டும்.' இது எதுக்கு அத்தான்?"

"பொது நலன்."

"பொதுவுக்கு நலனா, புருஷனுக்கு நலனா?"

"எழுதுட்டி!"

எழுதினாள். ஒரு கமா குறையாமல் எழுதினாள். செல்வநாயகம் கடைசிப் பக்கத்தின் அடியில், விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார். வாடிக்கையாளரிடமெல்லாம் 'படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க' என்று சொல்கிறவர், படிக்காமல் போட்டார்.

ராணி தாளை ஊதி மையைக் காயவைத்தாள்.

"ஒண்ணு சொன்னாக் கோவப்பட மாட்டியளே?"

"சொல்லு."

"புது ஃபாரம் கஷ்டம்னு சும்மா சொன்னா நம்புவாவளா? பழைய ஃபாரம் ஒண்ணை முழுசா நிரப்பிப் பக்கத்துல வைங்க. இது எவ்வளவு சுளுவு, அது எவ்வளவு கஷ்டம்னு ஒப்பிட்டுப் பாக்கட்டும்."

செல்வநாயகத்துக்குப் புல்லரித்தது. இவளைப் போய் மீன் பொரிக்க வைத்திருக்கிறோமே என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"யாரு பேர்ல நிரப்ப?"

"யாரு பேரா இருந்தா என்ன? என் விவரந்தான் கையில இருக்கு. மாதிரிக்குத்தானே."

மாதிரிக்குத்தானே! செல்வநாயகம் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினோரு வருஷ வித்தையை அந்த இரண்டு பக்கத்தில் இறக்கினார். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. ராணியின் புகைப்படம், நர்ஸ் சான்றிதழ், தன் பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் வரிசையாக இணைத்தார்.

"கணவன் சம்மதம்னு மூணு கட்டம் காலியா இருக்கே அத்தான்."

"அதுவுமா?"

"பாதி நிரப்புனா மாதிரியாவா இருக்கும்? அரைகுறைன்னு சொல்லுவாவ."

செல்வநாயகத்தை அரைகுறை என்று எவன் சொல்வது? மூன்று விமானங்கள் கிளம்பின.

மறுநாள் ராணியே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போனாள்.

மூன்றாவது வாரம் தொழிலாளர் அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். டைப்பிங் கடைக்காரர்கள், கான்ட்ராக்டர்கள், கம்பெனி ஆட்கள் என்று நாற்பது ஐம்பது பேர். ஏசி குளிரில் செல்வநாயகம் கோட்டுப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முதலாளி கௌஸ் முகம்மது. மேடையில் அதிகாரி மக்தூம், வெள்ளைக் கந்தூரா அங்கியில் பளிச்சென்று. அவர் அரபியில் பேசப் பேச, கௌஸ் முகம்மது காதோரம் தமிழாக்கினார்.

"நிறையக் கடிதம் வந்திருக்காம். எல்லாம் படிச்சிக்கிட்டிருக்காங்களாம். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணுமாம்."

மக்தூம் ஒரு கோப்பைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு தப்புகூட இல்லாம நிரப்பின விண்ணப்பத்தை அவரு வேலையில சேந்ததிலேருந்து இப்பத்தான் பாக்குறாராம். யோவ் நாயகம், உம்ம பேரைச் சொல்றாரு, எந்திரிம்!"

செல்வநாயகம் எழுந்தார். கைதட்டல். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். தன் மாதிரிப் படிவம் ஊருக்கே மாதிரி ஆகிவிட்டது!

மக்தூம் இன்னும் பேசினார். கௌஸ் முகம்மதுவின் புருவம் மேலே போனது.

"மனைவிமாரை வேலைக்கு அனுப்பப் புருஷன்மாரு ஆயிரம் சாக்குச் சொல்ற காலத்துல, சான்றிதழ்லேருந்து போட்டோ வரைக்கும் பாத்துப் பாத்து இணைச்ச இந்த மனுஷனைப் பாருங்கன்றாரு. நேத்தே பெர்மிட்டுல கையெழுத்துப் போட்டுட்டாராம். கலாஸ், முடிஞ்சுது! சனிக்கிழமையிலேருந்து உம்ம வீட்டுக்காரம்மா டூட்டிக்குப் போலாமாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீரு?"

கைதட்டல் இரண்டு மடங்காகியது. செல்வநாயகம் இன்னொரு முறை கும்பிட்டார். என்ன சொல்வது? 'ஐயா, அது பொய்யாகப் போட்ட கையெழுத்து' என்றா? அதைச் சொன்னால் போலீஸ் ஸ்டேஷனில் வேறு படிவம் நிரப்ப வேண்டிவரும். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அது அவரைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ராணி வெள்ளை யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அது மாதிரிக்கு நிரப்புனது!"

"ரொம்ப மாதிரியா இருக்குன்னு ஆபீசரே சொன்னாராமே. டாக்டரம்மா போன் பண்ணுனாவ."

"கவர் மாறிப்போச்சா?"

"ஒண்ணும் மாறலை. கருத்து தபால்ல போச்சு. ஃபாரம் கிளினிக் வழியா ஆபீசுக்குப் போச்சு. எது எங்க போவணுமோ அங்க போச்சு."

"நான் அதுல ஒப்பம் போட்டது ஒப்பிட்டுப் பாக்கட்டும்னு!"

"ஒப்பிட்டுப் பாத்தாவ. ஒப்புக்கிட்டாவ."

செல்வநாயகம் சோபாவில் விழுந்தார். ராணி இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமாக் கேட்டேன் அத்தான். இனி யாரைக் கேக்க?"

செல்வநாயகம் கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

சனிக்கிழமை ராணி டூட்டிக்குப் போனாள். செல்வநாயகம் மதியத்தில் தனியாகக் குழம்பைச் சூடு பண்ணப் படித்துக்கொண்டார். முதல் வாரம் இரண்டு சட்டியைக் கருக்கினார். இரண்டாம் வாரம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் உள்ளே ஒரு ஆறுதல் ஓடிக்கொண்டே இருந்தது. பெர்மிட் ஒரு வருஷத்துக்குத்தான். வருஷம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கக் கணவன் கையெழுத்து வேண்டும். அன்றைக்கு ராணி தன்னிடம் வந்துதானே ஆகவேண்டும்!

நடுவில் ஒருநாள் கார்மேகம் கையில் கட்டோடு கடைக்கு வந்தான்.

"அண்ணே, கம்பி குத்திருச்சு. கிளினிக்ல உங்க வீட்டு அக்காதான் ஊசி போட்டாங்க. போட்டதே தெரியலண்ணே. ஊர்ல எங்க ஆத்தாவுக்கே போன் போட்டுச் சொன்னேன்."

செல்வநாயகத்துக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. அன்று கடைக்கு வந்த ஆறு பேரிடம், யாரும் கேட்காமலே, "என் ஒய்ஃப் நர்ஸ்" என்று சொன்னார். வருஷ முடிவில் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவாகிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. அவள் கேட்க வேண்டும். பக்கத்தில் நின்று, 'ஒரு கையெழுத்து அத்தான்' என்று கேட்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி மோவாயைத் தடவுவார். பிறகு போடுவார். இதற்கென்றே ஒரு நல்ல பேனாகூட வாங்கி வைத்தார்.

மாதங்கள் போயின. ராணி கேட்கவில்லை. பெர்மிட் முடிய ஒரு வாரம் இருந்தபோதும் கேட்கவில்லை. அந்த வாரம்தான் புதுப் படிவம் கடைக்குக் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. செல்வநாயகம் ஆசையோடு பிரித்தார். பெயருக்கு அதே நாலு கட்டம். கறுப்பு மை வரி அதே நீலத்தில். கொத்தனாரைக் காணோம். அவருடைய கருத்தில் ஒன்றுகூட இல்லை!

புதுப்பிக்கும் பகுதிக்கு வந்தார். கணவன் கையெழுத்துக்கான இடத்தைத் தேடினார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். இல்லை. 'முதல் விண்ணப்பத்தில் கணவர் அளித்த சம்மதமே தொடரும்' என்று ஒரே ஒரு வரி இருந்தது.

"என்ன நாயகம், திகைச்சுப் போய் நிக்கிறீரு?" என்றார் கௌஸ் முகம்மது. "மக்தூமை நேத்துப் பாத்தேன். அந்த வரி உம்ம கருத்தாமே. உம்ம பதினஞ்சாவது கருத்துதான் எல்லாத்தையும்விடத் தெளிவா இருந்துச்சுன்னாரு."

"நான் எழுதினது பதினாலு, பாய்!"

கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். ராணி டூட்டிக்குக் கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்தக் கடுதாசியில பதினஞ்சாவதா என்ன எழுதுன?"

"அதுவா? நீங்க கையெழுத்தை ரொம்பக் கீழ போட்டுட்டிய. நடுவுல எடம் சும்மா கெடந்துது. வீணாக்குவானேன்னு ரெண்டு வரி சேத்தேன்."

"அதான் என்னன்னு கேக்கேன்!"

"'மேற்படி பதினாலாவது கருத்தை என் மனைவி படித்துக் காட்டினாள். அது தப்பு என்று உணர்ந்துகொண்டேன். ஒருமுறை போட்ட கையெழுத்தே போதும்.' அவ்வளவுதான்."

"நான் எங்கட்டி உணர்ந்தேன்?"

ராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"இந்தா, இப்ப உணர்ந்துட்டியல்லா."